கொக்கு மாமாவின் கால்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு, இன்னொன்று என் அக்கா கணவருக்கு. மாமா ஒரு காலை மடக்கிக்கொண்டு மறுகாலில் நின்று முடி வெட்டுவார். தெருவில் அவருக்குக் கொக்கு என்றே பேர். ஏன் அப்படி நிற்கிறார் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார், கல்லுளிமங்கன்.

இருபத்தெட்டு வருஷம் நின்ற கால். இடது கெண்டையில் நரம்பு மண்புழு போலச் சுருண்டு புடைத்திருக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஓயாமல் அரிக்கும். அக்கா நச்சரித்து நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினாள். நானும் கூடப் போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறணும். கீழ இறங்காம இருக்க, ரத்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்ன கதவு உண்டு. உங்களுக்கு அது மூடல. ரத்தம் திரும்பி வந்து தேங்குது. கெட்ட குழாயை லேசர்ல அடைச்சிடலாம். அன்னிக்கே நடந்து போகலாம்."

"அடைச்சிட்டா ரத்தம் எப்படிங்க போகும்?"

"உள்ள நல்ல குழாய் இருக்கு, அதுல போகும்."

வெளியே வந்ததும் மாமா, "சாக்கடைய அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ள வருது மச்சான். இவர் காலை அடைக்கிறாராம்," என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையை, புழுங்குகிறது என்று மாமா நாலாம் நாளே கழற்றி எறிந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷனிடம் என்ன பேசுவது.

ஒரு சனிக்கிழமை, நல்ல கூட்டம். அவர் செருப்பு தரையில் சிவப்பாக ஒட்டி ஒட்டி எழுந்தது.

"மாமா, கால்ல ரத்தம்."

"அரிச்சுது, சொறிஞ்சேன். வலியே இல்ல. இவருக்கு முடிச்சிடறேன்."

பாதி சவரத்தில் ஆளை எழுப்பக்கூடாதாம். முடித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் தரை முழுக்க ரத்தம். எங்கள் தொழிலில் கத்தி கீறுவது அன்றாடம் நடப்பது. படிகாரத்தைத் தேய்த்தால் நின்றுவிடும். அதே பழக்கத்தில் கட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவரும் தேய்த்தார். நிற்கவில்லை. முழங்காலுக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் இன்னும் அதிகமாகக் கொட்டியது. கால் தொங்கியபடியே இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கை சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "படுக்க வச்சு, காலை நல்லா உயரத் தூக்கி, ரத்தம் வர்ற இடத்தைத் துணியால அழுத்திப் பிடிச்சிருந்தா நின்னிருக்கும். மேல இறுக்கிக் கட்டவே கூடாது, ரத்தம் மேல ஏற வழியில்லாம இன்னும் கொட்டும்," என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று மாதம் கழித்து என் காலையும் காட்டினேன். எனக்கும் அதே வியாதி தொடங்கியிருந்தது. லேசரில் அடைத்தார்கள், அன்றே நடந்து வீட்டுக்கு வந்தேன். இப்போது நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன்.

போன வாரம் அக்கா கேட்டாள். "நீ பக்கத்துலயேதான இருந்தே தம்பி. ஒண்ணுமே பண்ண முடியலையா?"

"முடியலக்கா," என்றேன்.