ரோஸ் டியூபும் நானும்

செட்டிநாட்டில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போது என்ன நிறத்தில் இருந்தாலும் சரி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்போது ரோஸ் நிறமாகிவிட வேண்டும். அந்த மாயத்தைச் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் பதினாறு வயதில் நான் காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். அறுபதுகளின் கடைசி. கலர் பிலிம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத நேரம். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, அதன் மேல் கையால் வண்ணம் தீட்டிக் கொடுக்கிற ஸ்டூடியோ அது. பிரஷ், பென்சில், பேனா என்று எதையாவது பிடித்து, அடுத்தவர் ஆசைக்கு வேலை செய்து, கடைசியில் பேச்சும் வாங்கிக்கட்டிக் கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

அம்மைத் தழும்பு

எனக்குப் படம் வரைய வரும் என்று பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் சொல்லிச் சொல்லி, சாக்கோட்டையில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்குக் காது புளித்துவிட்டது. "கல்யாணம் கூடிவர்ற வரைக்கும்தான்" என்று கண்டிஷன் போட்டு என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். வண்ணம் தீட்டுகிற பிரிவுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். நாற்பது வயதுக்காரர். மெட்ராஸில் பெரிய ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அதை நாளைக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் முன்னால் ஒரு பேப்பரைத் தள்ளி, "என்னைய வரை" என்றார்.

வரைந்தேன். மாஸ்டருக்கு முகம் பூராவும் அம்மைத் தழும்பு. ஒன்று விடாமல் போட்டேன். எட்டிப் பார்த்த அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மாஸ்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கன்னத்தைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "எண்ணிப் போட்டிருக்கா உங்க மக. நாளையிலருந்து அனுப்பிவிடுங்க. இவளுக்கு வரையச் சொல்லிக்குடுக்க வேண்டாம், எதை விடணும்னுதான் சொல்லிக்குடுக்கணும்."

நிழலில் இருந்தவர்

எங்கள் பிரிவில் நாங்கள் மூன்று பேர், ஒருத்தருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. சேவியர் நெகட்டிவில் ரீடச்சிங் பார்ப்பான், அதாவது முகத்து வடுவையும் சுருக்கத்தையும் மறைக்கிற வேலை. பதினெட்டு வயது, மகா கெட்டிக்காரன், அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். சுப்பு புடவைக் கரைகளும், பின்னால் தொங்குகிற திரையும் தீட்டுவான். முகமும் கையும் எனக்கு. அதற்கென்று மாஸ்டர் ஒரு ரோஸ் டியூபை எடுத்துக் கொடுத்தார். யார் வந்தாலும் அதைத்தான் தடவ வேண்டும். ஸ்டூடியோவில் அதற்கு 'மேனி நிறம்' என்று பெயர். "யாரு மேனி மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். கோட்டையூர்ப் பெரிய வீடு ஒன்றிலிருந்து, காலமான தகப்பனார் படத்தைப் பெரிதாக்க மகன் கொண்டுவந்திருந்தார். "அப்பச்சி என்ன நெறம்?" என்று அவரிடமே விசாரித்தேன். "நம்ம நெறந்தான்" என்றார். அவர் நல்ல கறுப்பு. எனக்கு அது போதும். பழுப்பும் மஞ்சளும் குழைத்து, பெரியவரை அச்சாக மகனுடைய நிறத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். படத்தை வாங்க வந்த மகன் இரண்டு அடி பின்னால் போனார், மறுபடி கிட்டே வந்தார். மனிதர் கோபக்காரரும் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்: "எங்க அப்பச்சி வெயில்ல நிக்கிற மாதிரியில்ல இருக்காக! அவுக ஆயுசு பூராவும் நெழல்லயே இருந்தவுகம்மா."

மூக்குத்தி

அந்தப் படத்தின் மேல் மாஸ்டரே ரோஸ் பூசிக் கொடுத்தனுப்பினார். இனி என் கைக்கு வருகிற படத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போடுவேன், ஒரு புள்ளி கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சபதமே எடுத்துக்கொண்டேன். சபதம் எடுத்த மாதத்திலேயே அது என் காலை வாரியது.

செத்துப்போன ஒரு தாயாரின் பழைய கண்ணாடி நெகட்டிவ் வந்தது. இருட்டறையில் யாரோ அதைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டார்கள். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. சுப்பு சுங்குடிப் புடவையின் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தானே தவிர, முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. நான் மூக்குத்திக் கல்லில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, அது மின்னுகிற அழகில் சொக்கிப்போய், எந்த மூக்கில் வைத்தோம் என்று யோசிக்கவில்லை. படத்தில் உள்ளதை உள்ளபடி போட்டாயிற்று, அப்புறம் என்ன! படத்தை வாங்க வந்த மகள் முதலில் ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "எங்க ஆத்தாளுக்கு வலது பக்கந்தான மூக்குத்தி? செத்து ஏழு வருசம் கழிச்சு, எதுக்குப் பக்கத்தை மாத்திக் குத்திவிட்டிருக்கீக?"

என் இடது கை

அன்றைக்கு மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகு, வீணாய்ப்போன ஒரு பிரிண்டைத் திருப்பிப் போட்டு, "ஒன் எடது கையை இங்குட்டு வையி" என்றார். வைத்தேன். பத்து நிமிஷத்தில் என் கையை வரைந்து தீட்டிவிட்டார். ரோஸ் டியூபைத் தொடவே இல்லை. பழுப்புக்கு அடியில் பச்சையை ஓடவிட்டார். விரல் ஓரத்தில் துளி நீலம். முட்டிகளில் கத்திரிக்காய் நிறம். பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிற கை, அதில் இத்தனை நிறம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"இம்புட்டுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கு மாஸ்டர் எல்லாருக்கும் ரோஸ் அடிக்கிறீக?" என்று கேட்டுவிட்டேன். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கூர் நேராக்கி, டப்பாவில் நிறுத்திவைத்தார். "தெரியாமலா அடிக்கிறேன்? தெரிஞ்சுதான்டி அடிக்கிறேன். அதுக்குப் பேருதான் உத்தியோகம்."

ஆச்சி கேட்டது

கையில் பச்சை வித்தை வந்துவிட்டதா, ஊரில் கறுப்பாக யார் வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தார் ஒரு ஆச்சி. வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம், ஜோடியாகப் படம் வேண்டுமாம். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி ஒரு மினுமினுப்பு. "ஆச்சி, ஒங்க நெறத்துலயே போடுறேன், அம்புட்டு லட்சணமா இருக்கும்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மாஸ்டர் தன் மேஜையிலிருந்து முறைத்தார். ஆச்சி வேண்டாம் என்றார். நான் விடவில்லை. என் கையை வரைந்த படத்தை எடுத்துக் காட்டினேன், இதில் பச்சை பாருங்கள், நீலம் பாருங்கள் என்று பிரசங்கமே செய்தேன்.

கடைசியில் ரோஸ் டியூபை நானேதான் திறந்தேன். ஜோடியில் இரண்டு பேரையும் என் கையாலேயே வெளுக்க வைத்தேன். மாஸ்டருக்குப் பயந்து செய்ததல்ல. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் ஆச்சி மேலும் அல்ல. அவரை இத்தனை காலம் பேசிப் பேசி இப்படிச் சொல்லவைத்தவர்கள் என் கையில் கிடைத்திருந்தால் அவர்கள் முகத்தில் நல்ல கறுப்பாகப் பூசியிருப்பேன். ஆச்சி சொன்னதை இன்றைக்கும் என்னால் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும்: "கருப்பி கருப்பின்னு புகுந்த நாள்லருந்து கேட்டாச்சு ஆத்தா. மாட்டுற எடத்துலயாவது என்னைய நிம்மதியா விட்டுரு."

சேவியரின் கைவேலை

எனக்குப் பத்தொன்பது முடிந்ததும் கல்யாணப் பேச்சு வந்தது. காளையார்கோவில் பக்கம், மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டூடியோ கீடியோ எல்லாம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்பாவும் தன் கண்டிஷனை ஞாபகப்படுத்தினார். பெண்ணின் போட்டோ கேட்டார்கள். நான் வேலை பார்க்கிற ஸ்டூடியோவிலேயே, எந்த நாற்காலியில் ஊரார் பெண்களையெல்லாம் உட்காரவைத்தோமோ அதிலேயே என்னையும் உட்காரவைத்து எடுத்தார்கள்.

பெண் போட்டோவுக்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெகட்டிவில் முகத்தின் மேல் ஒரு சாயத்தை மெல்லப் பூசிவிட்டால், பிரிண்ட் போடும்போது அந்த இடத்தில் வெளிச்சம் குறைவாக இறங்கி, முகம் வெளுத்து வரும். சேவியர் என்னிடம் கேட்காமலே இரண்டு நாள் உட்கார்ந்து என் நெகட்டிவுக்கு அதைச் செய்திருந்தான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான் பாவம். பிரிண்டைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி என் தாவணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் அவளைக் கட்டிக்கொள்ள வருகிறவன் எங்கள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்து ஏமாந்து நிற்பான். அந்த முகத்தைப் பார்க்க நான் தயாராக இல்லை.

பிரிண்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, நெகட்டிவை எடுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அந்தச் சாயம் தண்ணீரில் கரைந்துவிடும். மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. பஞ்சை எடுத்து நீட்டி, "தேய்க்காத, ஒத்து. கீறிரும்" என்றார். அவ்வளவுதான். பிறகு புதுப் பிரிண்ட் போட்டு, பழுப்பு, பச்சை, ஓரத்தில் நீலம் என்று என் முகத்தை நானே தீட்டினேன். மாஸ்டர் மூக்கின் நிழலை மட்டும் ஒரு தடவை திருத்தச் சொன்னார். சாயங்காலம் கடை சாத்தும்போது சேவியர் என் மேஜைக்கு வந்தான். "கழுவுனதுதான் கழுவுன, அந்த ஒரு பிரிண்டையாச்சும் கிழிக்காம வச்சிருக்கக் கூடாது? இதுவரைக்கும் நான் பண்ணுனதுலயே நல்ல வேலை அது!"

பெண் பார்த்த கதை

அந்தப் படத்தைத்தான் காளையார்கோவிலுக்கு அனுப்பினோம். அம்மா அழுதாள், அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேண்டாம் என்று பதில் வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். ஆனால் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள். எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்தும் வருகிறார்கள் என்றால் நல்ல மனுஷர்களாக இருப்பார்களோ, பேசினால் வேலைக்கும் விடுவார்களோ என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினேன்.

ஏழு பேர் வந்தார்கள். கேசரியும் வடையும் வைத்தோம். நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அந்த அம்மாளிடமிருந்து வந்த வார்த்தைக்குப் பிறகு காப்பியை யாரும் தொடவில்லை. சம்பந்தம் அதோடு முடிந்தது. ஆனால் அப்பாவுக்கு என்ன ரோஷம் வந்ததோ, மறுநாள் காலையில் அவரே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு கண்டிஷன் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டுகிற என் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது இதுதான்: "மட்டமான ஸ்டூடியோ போல, கறுப்பா வந்துருச்சுன்னுல்ல நெனச்சு வந்தோம்! போட்டோவுல இருக்கிறபடியேல்ல இருக்கு பொண்ணு!"

ஆள் மாதிரியே படம் இருந்துவிட்டால் குற்றம் ஆள் மேலா படத்தின் மேலா என்று வந்தவர்கள் குழம்பிப்போவார்கள், அந்தக் குழப்பத்தை உண்டாக்குவதுதான் என் உத்தியோகம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.