ஸ்டூடியோ நானாவிடம் கன்னக்குழி கேட்டவள்

ஸ்டூடியோ நானா மவுத்தாம்.

காலையில் பேராதனை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கட்டாரிலிருந்து செல்வியின் வொய்ஸ் மெசேஜ். "அடியே, நம்ம ஸ்டூடியோ நானா போயிட்டாராம்டி..."

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஹோல்ட் போய்விட்டேன்.

தெரியாதவர்களுக்கு... நானும் செல்வியும் குண்டசாலைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு ஸ்பொன்சர். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் படம் அவர்களுக்குப் போகும். அதை எடுக்க, டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் த்ரீவீலில் வருவார். அவர்தான் நானா.

படம் எடுக்கும்போது நெஞ்சுக்கு நேரே நம்பர் அட்டை பிடிக்க வேண்டும். கொழும்பு ஒபிஸில் அந்த நம்பரைப் பார்த்துத்தான் யாருடைய படம் யாருக்கு என்று அனுப்புவார்கள்.

முதல் வருடம் எங்களுக்கு எட்டு வயது. செல்வியின் அட்டையில் சிவப்பு மை, என்னுடையதில் கறுப்பு. சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பாவம், தந்துவிட்டாள்.

பிறகு எல்லா வருடமும் சிவப்பு எனக்கு, கறுப்பு அவளுக்கு. அந்த நம்பர்தான் நாங்கள் என்று யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டு வயதில் என் ஸ்பொன்சர் அம்மாவின் கடிதம் வந்தது. சிஸ்டர் தமிழில் வாசித்துச் சொன்னார். "தினமும் காலையில் உன் கன்னக்குழியைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபம் பண்ணுகிறேன்."

எனக்கு ஏது கன்னக்குழி? அது செல்விக்கு!

வெளியே சொன்னால் இரண்டு பேருக்கும் ஸ்பொன்சர் இல்லாமல் போய்விடும் என்று பயம். அதைவிட... எனக்கென்று இருந்த அந்த ஒரே ஆளும் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பல நாள் பேனா மூடியால் கன்னத்தை அழுத்திக்கொண்டே திரிந்தேன்.

அந்த வருடம் நானா வந்த அன்று ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி வெகுநேரம் முற்றத்தை விட்டுப் போகவே இல்லை. மரம், மணிக்கூண்டு, சிஸ்டர் எல்லாம் பாதி பாதியாகத் தெரிந்தன. வெயிலுக்காகக் காத்திருந்தவரிடம் மெதுவாகப் போனேன்.

"நானா, கன்னத்துல குழி விழுற மாதிரி எடுக்க ஏலுமா?"

சிரித்தார். நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார்.

"இதுக்கா புள்ள அழுறீங்க? அவவையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் ஒண்டா நில்லுங்க."

அதற்குள் வெயில் வந்துவிட்டது. அட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு படத்தில் ஒரு பிள்ளைதான் நிற்க வேண்டும் என்பது ஒபிஸ் சட்டம். "கெமரா கரச்சல் சிஸ்டர், இவங்கட மத்த படம் ஒண்டும் சரிவரல்ல" என்று முகம் மாறாமல் சொன்னார். அல்லாஹ் மன்னிப்பான்.

அந்த ஒரே படம்தான் இரண்டு பேருடைய ஸ்பொன்சருக்கும் போனது. மாதங்கள் கழித்து என் ஸ்பொன்சர் அம்மாவின் பதில் வந்தது. "உன் பக்கத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் அந்த மெலிந்த பிள்ளை யார்? இனி அவளுக்காகவும் ஜெபிக்கிறேன் என்று அவளிடம் சொல்."

சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று எனக்கே சொன்னேன்.

அடுத்த வருடம் நானாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஒங்களுக்கு ரெண்டு பங்கு துஆ! எனக்கும் ஒண்டு மிச்சம் வைங்க புள்ள."

கீழே அந்தப் படம். சிரிப்பவள் செல்வி. அழுமூஞ்சி நான். எங்கள் காலடிப் புல்லில், கெமராவோடு குனிந்திருக்கும் நிழல்... அதுதான் நானா. அவருடைய வேறு படம் எங்களிடம் இல்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

நானா, உங்கள் பங்கு மிச்சம் இருக்கிறது. செல்வி அங்கிருந்து, நான் இங்கிருந்து... இன்றைக்கு அந்த ஜெபத்தைச் சொல்கிறோம்.

போய் வாருங்கள்.