பாடம் சொல்லாமல் எழுந்திருக்கச் சொன்ன ரெய்கி ஆசிரியை

போன வருடம் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் நடந்தது இது. எங்களுக்கு ஊர் ஆலங்காயம். எனக்கு நெடுநாளாகத் தூக்கம் சரியில்லை. ரெய்கி பழகினால் தூக்கம் வரும் என்று தோழி ஒருத்தி சொல்ல, உடம்பின் மேல் கை வைத்து அமைதி தரும் அந்த முறையைக் கற்றே தீருவது என்று இறங்கிவிட்டேன்.

யாரிடம் கற்பது என்பதில்தான் குழப்பம். செல்போனைத் திறந்தால் ஆளுக்கொரு ரெய்கி. வருடக்கணக்கில் பழக வேண்டும் என்றார் ஒருவர். ஒரே நாளில் மாஸ்டர் ஆக்கி, சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார் இன்னொருவர். நான் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் வந்த புத்தகங்களோ ஒன்றோடொன்று சண்டை போட்டன. எல்லாரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்: கை வைத்த இடத்தில் சூடு தெரிந்தால் சக்தி பாய்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து என் கணவருக்குப் புளியந்தோப்பில் முள் குத்தியது. சர்க்கரை உள்ளவர். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனார். சில நாளில் பாதம் வீங்கியது. அவருக்கு ஊசி என்றாலே பயம். எனக்கோ, வீடியோக்களைப் பார்த்துக் கற்ற வித்தையைக் காட்ட வீட்டிலேயே ஆள் கிடைத்தாயிற்று. தினமும் காலையில் அந்தக் காலில் கை வைத்து உட்கார்ந்தேன். உள்ளங்கை தகித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவில் எழுதினேன், பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன.

"நல்லா கீதாங்க?" என்று கேட்டால், "நீ கை வச்சா நல்லாத்தான் கீது, எடுத்தா வலிக்குது" என்பார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மலைமேல் ஒரு பெண் விளம்பரம் இல்லாமல் ரெய்கி சொல்லித் தருகிறார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். போன் செய்து கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். செருப்பு நுழையாத காலோடு என் கணவரும் துணைக்குப் பஸ் ஏறினார்.

அந்த ஆசிரியைக்கும் என் வயதுதான் இருக்கும். வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, இவர் காலில் என் கையிலிருந்து எப்படிச் சக்தி பாய்கிறது பாருங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் குனிந்து, புறங்கையால் அந்தக் காலைத் தொட்டார்.

"இன்னொரு கால்ல கை வச்சி பார்த்தீங்களா?"

இல்லை. அப்போதுதான் வைத்தேன். சில்லென்று இருந்தது.

"சூடு உங்க கையில இல்லீங்க, அவர் கால்ல கீது. உள்ள சீழ் வச்சிருக்கும். சர்க்கரை இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்ப இன்னைக்கி பாடம் கெடையாது. எழுந்திரிங்க."

எனக்கு மனசே ஆறவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டோம், நீங்க ஒரு தடவை கை வச்சி பார்க்கக் கூடாதாங்க?" என்று கெஞ்சினேன்.

"வச்சா அவருக்கு இதமா இருக்கும். கால் அழுகறது நிக்காது" என்றவர், காயப்போட்ட சாமையை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். மலையிலிருந்த மருத்துவமனையில் ஊசி போட்டு, உடனே திருப்பத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே கீறிச் சீழை எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டியிருந்திருக்கும்மா" என்றார் டாக்டர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்தேன். பார்க்கவே கூசியது.

புண் ஆறிய பிறகு மறுபடி மலையேறினேன். பாடத்துக்கு முன்னால், நான் சேர்த்து வைத்திருந்த வீடியோக்களைத் திறக்கச் சொன்னார். "இதுல யாராவது டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றாங்களா, பாருங்க" என்றார். தேடித் தேடிப் பார்த்து அழித்ததில் மிஞ்சியவை சொற்பம். "எந்த நோவையும் தீர்ப்பேன்னு சொல்றவங்கள விட்டுடுங்க. நாளைக்கி நானே சொன்னாலும் என்னயும் விட்டுடுங்க" என்றார்.

இப்போது ஓரளவு தூங்குகிறேன். இது ரெய்கியாலா, சும்மா கண்மூடி உட்கார்வதாலா என்று அவரிடமே கேட்டேன். "தெரியாதுங்க" என்றார். அத்தனை வீடியோக்களில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்காத வார்த்தை அது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. என் கணவர் மட்டும் கேலியை விடவில்லை. "கை வெக்கறதுன்னா ரெண்டு கால்லயும் வெய்யி" என்பார்.

சொல்லட்டும். சாயங்காலம் அவர் தன் இரண்டு காலால் நடந்து வீட்டுக்குள் வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், சொல்லித் தரக் கேட்டு வந்தவளை வாசலிலேயே எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.