சீட்டு அக்காவின் சிபாரிசுகள்

எங்கள் கடையின் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘துப்புரவு’ என்றுதான் எழுதியிருக்கும். பன்னிரண்டு வருஷமும் அப்படியேதான் இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி முதலாளியிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ‘பார்க்கலாம்’ என்றார். பார்க்கலாம் என்று சொல்கிற மனுஷர் எதையும் பார்க்கப் போவதில்லை என்பது அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

இசைத்தட்டு விற்கிற கடை. ஆல்டர்நேட்டிவ், பாப், எலெக்ட்ரானிக் என்று நீளமாக மூன்று வரிசை. பின்னால் ஒரு மாடிப்படி, அதற்கு அடியில் துடைப்பமும் வாளியும். நான் பில் போடுகிறவன். வாசலை ஒட்டி என் மேஜை என்பதால் வருகிறவர் போகிறவர் முகமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழைந்ததும் கேட்பது ஒன்றுதான்: “சீட்டு அக்கா புதுசா ஏதாவது எழுதியிருக்காங்களா?”

அவள் வேலைக்கு வந்தது தரை துடைக்கத்தான். காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பி உள்ளே வந்தால் கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம். துடைக்கும்போது சும்மா இருப்பானேன் என்று, சாம்பிளுக்குப் பிரித்து வைத்த தட்டுகளில் ஒன்றை எடுத்து ஓட விடுவாள். அவள் வீட்டில் பிளேயர் கிடையாது. ஒற்றை அறை வீடு. ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற கணவன், மூலையில் உட்கார்ந்து படிக்கிற மகள். அவள் பாட்டுக் கேட்ட நேரமெல்லாம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

ஒரு நாள் மதியம் விற்பனையாள் சாப்பிடப் போயிருந்தபோது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒரு பெண் வந்தாள். “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் தலைக்குள்ள மெஷின் சத்தம் நிக்க மாட்டேங்குது. எதைக் கேட்டா நிக்கும்?” என்றாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே ஒரு தட்டை உருவி நீட்டினாள். “இதை எடுத்துட்டுப் போங்க. ஆனா ரெண்டாம் பக்கத்தை முதல்ல போடுங்க.” அடுத்த வாரம் அந்தப் பெண் வந்து விற்பனையாளைத் தேடவில்லை. தூசி தட்டுகிறவளைத் தேடினாள்.

அதற்கப்புறம்தான் சீட்டு ஆரம்பித்தது. தட்டுகள் நசுங்காமல் இருக்கப் பார்சலில் வைத்து அனுப்புவார்களே, அந்தக் கனமான அட்டை, அதைத் துண்டு துண்டாக வெட்டி, பேனாவால் நாலைந்து வரி எழுதி, ஒவ்வொரு ஆல்பத்தின் முன்னாலும் சொருகி வைத்தாள். நான் மனப்பாடமாகச் சொல்வேன்: ‘முதல் பாட்டைத் தாண்டிவிடுங்கள், அது விருந்தாளிக்காகப் போட்டது. இரண்டாவதிலிருந்துதான் வீடு.’ இன்னொன்று: ‘பாடுகிறவளுக்குக் குரல் சுமார்தான். ஆனால் ஒரு வரியில்கூடப் பொய் சொல்லவில்லை.’ பாப் வரிசையில் எல்லோரும் இளக்காரமாகத் தள்ளிவிட்டுப் போகிற ஒரு ரோஜா நிற உறைக்கு எழுதியது: ‘சுலபமான மெட்டு என்று சிரிக்காதீர்கள். சுலபம் என்றால் நீங்கள் ஒன்று போட்டுக் காட்டுங்கள்.’

எழுதுவதற்கு அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆல்பத்தை மூன்று தடவை கேட்பாள். முதல் தடவை தரை துடைத்துக்கொண்டே. துடைப்பம் தானாக எங்கேயாவது நின்றால்தான் இரண்டாவது தடவை. அது படியில் உட்கார்ந்து. மூன்றாவது, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து. “சத்தமா வச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும் தம்பி,” என்பாள். துடைப்பம் நிற்காத ஆல்பத்துக்குச் சீட்டு கிடையாது. கம்பெனிக்காரன் நேரில் வந்து கெஞ்சினாலும் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஒரு தடவை சறுக்கினாள். பெரிய தட்டு என்றால் பெரும்பாலும் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று. அபூர்வமாகச் சிலது மட்டும் நாற்பத்தைந்து. கறுப்பு உறை போட்ட ஓர் எலெக்ட்ரானிக் ஆல்பத்தை வேகம் பார்க்காமல் முப்பத்து மூன்றிலேயே ஓட்டிக் கேட்டுவிட்டாள். பாடுகிற குரல் கிடையாது, வெறும் வாத்தியம், வேகமான இசை இழுபட்டு மெதுவாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? ‘ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்குகிற நிதானம் இதில் இருக்கிறது. அவசரமே இல்லை’ என்று உருகி உருகி எழுதினாள். எக்ஸ்ரே பெண் அதை நம்பி வாங்கிப் போய் மறுநாளே வந்து நின்றாள். “அக்கா, நீங்க எழுதினது ஒண்ணு, அங்க ஓடுறது ஒண்ணு. என் மாமியார் எந்திரிச்சு ஆடாத குறை!”

தட்டின் நடுவில் எறும்பு மாதிரி ‘45’ என்று அச்சடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அக்கா படியில் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான், “கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க, யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“கிழிச்சா தப்பு போயிடுமா தம்பி? இதை நம்பி வாங்கினவங்களுக்கு யாரு சொல்றது?”

அதே சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்: ‘முன்பக்கம் இருப்பது தப்பு. வேகத்தைக் கவனிக்காமல் கேட்டுவிட்டேன். இது ஆடுவதற்கான ஆல்பம். மன்னிக்கவும். ஆனால் ஒரே ஒரு தடவை என் தப்போடும் கேட்டுப் பாருங்கள்.’ அன்றிலிருந்து அவள் எழுதியதில் எது பிசகினாலும் பின்பக்கம் திருத்தம் இருக்கும். வாடிக்கையாளர்கள் எல்லோரும் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆல்பத்தை எடுப்பார்கள்.

போன வருஷம் முதலாளி ஓர் அறிவிப்பு செய்தார். எந்த ஆல்பத்தை வரவழைப்பது, எதைச் சிபாரிசு செய்வது என்று முடிவு செய்ய, தேர்வாளர் என்று ஒரு பதவி வரப்போகிறதாம். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். “சார், அது நான் பண்ற வேலைதானே?” முதலாளி சிரித்தார். “ஆமாமா, பார்க்கலாம்.” அந்தப் பார்க்கலாமை அவள் முழுசாக நம்பிவிட்டாள். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்ததாம். “‘ஒரு வாரம் அதைக் காலியா வை’ன்னு சொல்லியிருக்கேன்,” என்று என்னிடம் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் புத்தகப் பெட்டி வந்தது. விமர்சகர் ஒருவர் இருக்கிறார். மேடையில் பேசுவார், பத்திரிகையில் எழுதுவார், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டுத்துணி சுற்றியிருப்பார். சில மாதங்களாகச் சனிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு வந்து சீட்டுகளுக்கு நேரே போனை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் எழுத்துக்கு ரசிகர் போலிருக்கிறது என்று நினைத்து நான் அவருக்கு நாற்காலி வேறு போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெட்டியைப் பிரித்தால் ‘கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள்’, அட்டையில் அவர் முகம். புரட்டினேன். ‘முதல் பாடலைக் கடந்துவிடுங்கள், அது விருந்தினருக்கானது.’ அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அக்கா. ‘வீடு’ என்பதை மட்டும் ‘அகவெளி’ ஆக்கியிருந்தார். நூறில் தொண்ணூற்றொன்று அவளுடையது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அந்தக் கறுப்பு உறை ஆல்பம். செருப்பு, படி, நிதானம், அவசரமின்மை எல்லாம் அப்படியே!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்போ இவர் கேக்கவே இல்லியா தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

இருவருமாக முதலாளியிடம் போனோம். அவர் புத்தகத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே பாட்டைக் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோணக் கூடாதா? சனிக்கிழமை அவரைத் தேர்வாளரா அறிவிக்கப் போறோம், போஸ்டர்லாம் அடிச்சாச்சு. இப்போ போய்…” பாட்டே கேட்காதவனுக்கு எப்படி ஐயா தோன்றும்? இதை நான் சத்தமாகக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்டேன். அவள், “இதை அங்க கேட்டிருக்கணும்,” என்றாள்.

சனிக்கிழமை நான்கு மணி. நாற்பது நாற்காலியும் நிரம்பிவிட்டது. விமர்சகர் தன் செவியின் பயிற்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முடித்ததும் எக்ஸ்ரே பெண் எழுந்தாள். “சார், அறுபத்து மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்.”

பிளேயர் என் பக்கம்தான். நாற்பத்தைந்தில் வைத்து ஊசியை இறக்கினேன். அலமாரி அதிர்ந்தது. விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். “கவனிங்க… இந்த நிதானம்… படியிறங்குற அந்தப் பொறுமை…” முன்வரிசையில் பத்துப் பேர் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்! தரை குதிக்கிறது, இவர்கள் பொறுமையை ரசிக்கிறார்கள். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தலைகள் மேல் வந்ததுதான் அதிகம்.

அக்கா படியிலிருந்து இறங்கி வந்தாள், வேலை உடுப்போடு. கையில் அந்தச் சீட்டு. முன்பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள். பின்பக்கத்தையும் படித்தாள், ‘மன்னிக்கவும்’ வரைக்கும். தன் காது ஏமாந்த சங்கதியை நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொண்டால்தான் அந்த மனுஷரின் திருட்டு வெளியே வரும் என்றால், அது என்ன நியாயம்? எக்ஸ்ரே பெண் கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

“அச்சுப்பிழை,” என்றார் விமர்சகர். “அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்.”

அச்சுப்பிழையாம்! நாலு வரியும் அச்சுப்பிழையாம்! முதலாளி பாய்ந்து வந்து, “சரி சரி, எல்லாரும் டீ சாப்பிடலாம்,” என்று கூட்டத்தைக் கலைத்தார். பிறகு அக்காவை என் மேஜை ஓரமாக இழுத்து வந்தார்.

“எதுக்கும்மா இதைப் பெருசாக்குற? நீ பாட்டுக்கு எழுது. அவர் பேர்ல போட்டுக்கலாம். அவர் சொன்னாத்தான் ஜனங்க வாங்குவாங்க.”

“இத்தனை வருஷமா யாரு சொல்லி சார் வாங்கினாங்க?”

அவர் டீ இருந்த பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். என் சீட்டைப் படிச்சிட்டு நீங்க ஒரு ஆல்பமாவது கேட்டிருக்கீங்களா?”

“எனக்கு எங்கம்மா நேரம்?” என்றார், அது பெருமை போல.

அவள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் பின்னால் நானும் போயிருக்க வேண்டும். வரிசையில் நின்ற ஆள் புத்தகத்தை நீட்டினார், பில் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இப்போது அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் தாழ்வாரம் துடைக்கிறாள். போய்ப் பார்த்தேன். காதில் போன் பாட்டு. “எல்லாம் நசுங்கிக் கேக்குது தம்பி,” என்றாள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். “துப்புரவுன்னே எழுதச் சொல்லிட்டேன். அதுல என்ன குறைச்சல்? செய்யற வேலைதானே. செய்யாததை எழுதினாத்தான் வெக்கம்.”

போன வாரம் நாற்பது புது ஆல்பங்கள் வந்திறங்கின. விமர்சகர் பெட்டிகளைச் சுற்றி இரண்டு நாள் நடந்தார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. வாடிக்கையாளர் யாராவது எதையாவது கேட்டால், உறையைப் பார்த்து ‘அகவெளி’ என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார். மூன்றாம் நாள் காலையில், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

“அந்தம்மா நம்பர் உங்ககிட்ட இருக்கா? வந்திருக்கிறதெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருந்தா நல்லாயிருக்கும்.”

“இருக்கு,” என்றேன். “தர மாட்டேன். பிளேயர் அங்க இருக்கு, நாப்பதையும் நீங்களே உட்கார்ந்து கேளுங்க.”