காட்டுப்பாக்கத்துக் கொள்ளைக்கார ஈ

எங்கள் அடுக்ககத்தை ஒட்டிய மனையில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். ஒரு நாள் காலை அந்த வழியாக நடந்தபோது, மணல் நிறப் பூச்சி ஒன்று காலடியிலிருந்து எழும்பி நாலடி தள்ளி உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். கூன் முதுகு, பெரிய கண்கள், முகத்தில் முரட்டு மீசை. பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடித்துத் தின்னும் கொள்ளைக்கார ஈ என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன்.

அது வேட்டையாடுவதைப் படமெடுத்தே தீருவதென்று எனக்குள் ஒரு வெறி. கணினி நிறுவன வேலை. வீட்டிலிருந்தபடியே பத்து மணிக்குத்தான் முதல் மீட்டிங். அதுவரை கைபேசியோடு வெயிலில் உட்கார்ந்திருப்பேன். ஒன்பது நாள் போயிற்று. அது பாயும், என் படத்தில் வெறும் மணல்தான் இருக்கும்.

அங்கே மணல் சலிக்கும் சித்தாள் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, தெனம் மண்ணையே பாத்துகினு கீறே? கம்மல் தொலைஞ்சிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அவளும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ அது பின்னாடியே ஓடுறேக்கா. அது எங்க பறந்தாலும் திரும்பி அந்த ஒடஞ்ச செங்கல்லாண்டதான் வந்து குந்துது. நீ செங்கல்லப் பாத்துகினு இரு."

ஒன்பது நாளில் எனக்கு இது தோன்றவில்லையே!

மறுநாள் போனபோது மேஸ்திரி மிச்ச மணலையும் கலவைக்கு அள்ளிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணாத்தே, அந்த மூலைய மட்டும் உட்ரு. அக்காவோட ஈ அங்க கீது."

"ஈயா?" என்றார் மேஸ்திரி. ஆனாலும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் மணலில் குப்புறப் படுத்து, கைபேசியைச் செங்கல்லுக்கு நேராகப் பிடித்து வீடியோவை ஓடவிட்டேன். ஈ வந்து உட்கார்ந்தது. தலையை மட்டும் மெல்லத் திருப்பியது. மேலே ஒரு தேனீ போயிற்று. அவ்வளவுதான்! கண்மூடித் திறப்பதற்குள் எழும்பி, தேனீயை ஆறு காலாலும் அணைத்துக்கொண்டு அதே இடத்தில் வந்து இறங்கியது. ஊசி போன்ற வாய் தேனீயின் கழுத்தில் இறங்கியிருந்தது.

"மாட்டிகிச்சிக்கா!" என்று அவள் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

உடம்பெல்லாம் மணலோடு எழுந்து வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். மேஸ்திரி மூன்று தடவை பார்த்தார். மீட்டிங்குக்கு இருபது நிமிடம் தாமதம். காரணம் கேட்டவர்களுக்கும் அந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டினேன்.