மொட்டைமாடியில் ஒருவரும் இல்லை

சிட்னித் துறைமுகம் முழுவதையும் பார்க்கக்கூடிய வீட்டில் நான் நான்கு வருடம் வளர்ந்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பெரும் பணக்காரருக்காகக் கட்டிய எட்டு மாடிக் கட்டடம் அது. வாசலில் கறுப்புப் பளிங்கு, பித்தளைக் கதவு போட்ட லிஃப்ட், ஒவ்வொரு வீட்டிலும் வேலைக்காரரைக் கூப்பிட ஒரு மணிப் பொத்தான். அந்த வேலைக்காரர் படுப்பதற்கென்று மொட்டைமாடியில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், இரண்டு சின்ன அறைகள் இருந்தன. கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையோடு அவை அப்பாவுக்குக் கிடைத்தன. எல்லாரையும் விட நல்ல கடற்காட்சியை வேலைக்காரருக்குக் கொடுத்தது, கட்டியவருடைய கவனக்குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அந்த இரண்டு அறைகள் என்றால் உயிர். ஊரைவிட்டு வந்த பிறகு அவர் ஐந்து இடம் மாறியிருந்தார். "இனி என்னால ஏலாது. இதுதான் கடைசி" என்று சொல்லித்தான் அங்கே பால் காய்ச்சினார்.

ஞாயிறு தோறும் நகரத்தின் மேற்கே இருக்கும் லிட்கமிலிருந்து மாமா வருவார். அம்மாவின் தம்பி. வில்லாவுட் தடுப்பு முகாமில் மூன்று வருடம் இருந்து வெளியே வந்தவர். எங்கள் விசாவில் ஒரு பிழையும் இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் தாளில் முகவரி ஏறினால் ஒருநாள் தேடி வருவார்கள் என்பது மாமாவின் முடிந்த முடிவு. அவர் சொல்லித்தான் எங்கள் கடிதங்கள் எல்லாம் லிட்கமுக்குப் போயின. அந்த மொட்டைமாடியில் நாங்கள் இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதைப் பெரிய சாமர்த்தியமாகவே நாங்கள் நினைத்திருந்தோம்.

எட்டு வயதான என்னையும் மாமா விடவில்லை. கழுத்தில் என்னுடைய ரிபனை அடையாள அட்டைபோலத் தொங்கவிட்டு, காலைச் சாப்பாட்டுப் பெட்டியின் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியே போய்க் கதவைத் தட்டுவார்.

"இஞ்ச ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நாங்கள் உடுப்புத் தோய்க்க வந்தனாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மாமா சிரிக்க மாட்டார். "சிரியாமச் சொல்லு. திருப்பிச் சொல்லு" என்பார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடுகூட நான் அவ்வளவு சுத்தமாகப் பாடமாக்கியதில்லை.

அந்த வருடம் கட்டடத்தின் சொந்தக்காரக் கிழவி இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கம்பனிக்கு விற்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதிப்பத்திரம் எழுதி, பளபளப்பாக்கி விற்பது கம்பனியின் திட்டம். அப்பா கீழே பளிங்கைத் துடைத்துக்கொண்டே, "ஆர் வாங்கினாலும் ஒருத்தன் துடைக்கத்தானே வேணும்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு நான் வீட்டில் தனியே படுத்திருந்தேன். அம்மா மூன்றாம் மாடியில் துப்புரவு வேலையில் இருந்தார், அப்பா நிலவறையில். கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அட்டை, கையில் தாள் செருகிய மட்டை. மாமா நடித்துக் காட்டிய அதே ஆள், ஆனால் நரைத்த தலையும் சாந்தமான முகமும். இங்கே யார் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிரிக்காமல் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலால் உள்ளே பார்த்தார். சோற்றுப்பானை ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. என் பள்ளிக்கூடச் சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. கீழே குந்தி, என் முகத்தைப் பார்த்து, நிச்சயமாகவா என்று மெதுவாகக் கேட்டார். நிச்சயமாக என்றேன். பிறகு பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் மாமாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மாமா கேட்டதும் என்னைத் தூக்கிச் சுற்றினார். "கெட்டிக்காரி" என்று ஒரு சொக்கிலேட் தந்தார். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மாமா, வழக்கம்போல, அந்தக் கிழமை வந்த கடிதங்களை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். ஒன்று கம்பனியிடமிருந்து. அப்பா அதை உரத்து வாசித்துத் தமிழில் சொன்னார்: வெள்ளிக்கிழமை ஒருவர் வருவார், குடியிருப்பவர்களைப் பதிவார், பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கம்பனி வீட்டைவிட்டு எழுப்பாது, பராமரிப்பாளர் குடும்பம் உட்பட.

அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். நான் சொக்கிலேட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அப்பா கம்பனிக்குப் போனார். நீங்கள் இங்கே வேலை செய்வது தெரியும், இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். வேலையையும் மாதக் கடைசியோடு வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற பெண் சட்டத்தரணி ஒருவர் ஒரு வழி சொன்னார்: பிள்ளையைக் கம்பனிக்குக் கூட்டிப்போய், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அம்மா கெஞ்சினார். அப்பா அசையவில்லை. "நாங்கள் சொல்லிக் குடுத்ததைத்தான் அவள் சொன்னவள். அதுக்கு அவளைப் பொய்க்காரி ஆக்கேலாது" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. மாமா அதன் பிறகு எந்த ஞாயிறும் என்னோடு அந்த விளையாட்டை விளையாடவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

லிட்கமில் மாமாவின் ஒற்றை அறைக்கு நாங்கள் போன நாளில், எப்போதும் பின்படியால் இறங்கும் அப்பா, எங்களை லிஃப்டில் இறக்கினார். அம்மா அழுது அழுது முகம் வீங்கியிருந்தார். கீழே பளிங்கு வாசலில், விளம்பரப் புத்தகத்தோடு வீடு பார்க்க வந்த ஒரு சோடி நின்றது. அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துப் புன்னகைத்து, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டார்.

ஒரு கையில் சோற்றுப்பானை, மற்றக் கையில் நான். "இல்லை" என்றார் அப்பா.

சிரிக்காமல், கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். பாடத்தை என்னைப்போலவே அவரும் நன்றாகப் பாடமாக்கியிருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. கெட்டிக்காரன் என்று சொல்வதுபோல அவருடைய விரல்களை இறுக்கிப் பிடித்தேன். அவர் சொன்னது உண்மை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.