ஒரே ஒரு முசே

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பேக்கரிகளுக்கு ஆர்டர் எடுக்கும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். அதே மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன், மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கம்பெனியில் நின்றேன், திருப்பூர் போனேன், திரும்பினேன். பிரவுசிங் சென்டர் வேலையில் பிடித்துக்கொண்ட கம்ப்யூட்டர்தான் இந்த மாடிக்குக் கொண்டுவந்தது. கீழேயிருந்து வரும் மீன் வாடை எனக்கு மட்டும் தொந்தரவாக இல்லை.

நாங்கள் எழுதியதை அனுப்பியதும் சர்வர் அதை எடுத்துச் சோதிக்கத் தொடங்கும். ஆர்டர், பில், டெலிவரி, கணக்கு நீக்கம் என்று ஒன்று முடிந்தபின் ஒன்று. எல்லாம் தேறிப் பச்சையானால்தான் வெள்ளிக்கிழமை புதிய செயலி கடைகளுக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கீழே டீக்கடை பெஞ்சில் இருப்போம். யார் கேட்டாலும் ஒரே பதில்: "ஓடுது."

"இன்னும் ஓடுதா? எங்கதான் போய்ச் சேரும் அது?" என்பார் டீக்கடைக்காரர்.

எல்லாம் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு பிள்ளைச்சாவடி என்ற கடலோர ஊரிலிருந்து வரும் ஓர் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சோதனை சிவப்பானாலும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அக்கா வீடு சேர இருட்டிவிடும். பள்ளி விட்டு வந்த மகள் பக்கத்து வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் டீ கிளாஸைப் பிடித்தபடி சொன்னார்.

"இந்த மாசத்தோட வேலய வுட்டு நின்னுடுன்னு வீட்ல சொல்லிட்டாங்க தம்பி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? ஓடுதுன்னேன்."

சிரித்தோம்.

திரும்பி மாடி ஏறும்போது கீழே லாரியிலிருந்து காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் இறங்கி முடியட்டும் என்று உருளைக்கிழங்கு காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். டெலிவரி சோதனை மட்டும் பில் சோதனைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? டீம் லீடரிடம் கேட்டேன்.

"செஞ்சிதான் பாரேன்" என்றார்.

நானும் அக்காவும் உட்கார்ந்து நான்கு சோதனைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். சிவப்பு. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினோம், பச்சை. அடுத்த முறை வேறோர் இடத்தில் சிவப்பு. 'வாடிக்கையாளர் இல்லை' என்றது திரை.

சோதனைக்கென்று நாங்கள் வைத்திருந்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர். பெயர் முசே. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் டீம் லீடர் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சு கலந்து பேசுவார்கள், ஐயா என்பதற்கு முசே என்பார்கள். அவர் வேடிக்கையாக வைத்த பெயர் அது. முசேதான் ரொட்டி ஆர்டர் செய்வார், பில் வாங்குவார், வீட்டில் ரொட்டியைப் பெற்றுக்கொள்வார். கடைசிச் சோதனையில் அவர் கணக்கையே அழித்துப் பார்ப்போம். வரிசையாக ஓடியபோது எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் போனார். இப்போது எல்லாம் ஒன்றாக ஓட, நடுவிலேயே காணாமல் போனார்.

அக்காதான் கண்டுபிடித்தார். "ரொட்டி கைக்கு வர்றதுக்குள்ள மனுஷன சாவடிச்சிட்டோமே தம்பி!"

"பிள்ளைச்சாவடி ஆளாச்சே, சாவடிக்காம இருப்பீங்களா?" என்றார் டீம் லீடர்.

சோதனைக்கு ஒரு முசேயாக நான்கு பேரை உண்டாக்கினோம்.

"நாலு பேரும் அண்ணன் தம்பிங்களா?" என்றேன்.

"பங்காளிங்க. ஒருத்தர் வீட்ல ஒருத்தர் கால வைக்கக் கூடாது" என்றார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை பழக்கத்தில் எல்லோரும் டீக்கடைக்கு இறங்கினோம். கடையில் கூட்டம். டீ கைக்கு வருமுன், இருபதே நிமிடத்தில், அக்காவின் போனில் பச்சை வந்துவிட்டது. அவர் மேலே போய்ச் செயலியை அனுப்பிவிட்டுப் பையோடு இறங்கினார். "வர்றேன் தம்பி" என்று அவர் ஊர் வழியாகப் போகும் காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வெயில் இன்னும் இருந்தது. அவருக்குப் போட்ட டீ பெஞ்சில் இருந்தது.

"இன்னாப்பா, இன்னிக்கி ஓடலையா?" என்றார் கடைக்காரர்.

"ஓடி முடிஞ்சிடுச்சிண்ணே."

அந்த டீயையும் நானே குடித்தேன்.

அக்கா வேலையில் நீடித்தார். அந்தப் பெஞ்சில் சேர்ந்து உட்காரத்தான் எங்களுக்குக் காரணம் இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் நான் ஓசூருக்குக் கிளம்பினேன், ஒரே இடத்தில் எனக்குக் கால் தங்காது. போன வாரம் போனில் "எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டேன். பின்னால் மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுது தம்பி" என்றார்.